வேலை தேறாத ஊழியரை நிறுத்துவது: எச்.ஆர். இல்லாத சிறு நிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டில் பத்து முதல் ஐம்பது பேர் வரை வைத்து அலுவலகமோ கடையோ பட்டறையோ நடத்துகிறவர்களுக்கானது இது. உங்களிடம் தனி எச்.ஆர். இருக்காது. ஆளை எடுப்பதும் நிறுத்துவதும் உங்கள் தலையில்தான் விழும். பலர் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவார்கள். பிறகு ஒருநாள் கோபத்தில் "நாளையிலிருந்து வராதே" என்று சொல்லிவிடுவார்கள். பின்னால் தொழிலாளர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் செலவு வைப்பது அந்த ஒரு வார்த்தைதான். ஊழியருக்கும் அது அநியாயம். தன் வேலை சரியில்லை என்பதையே அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறார்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். அதைவிடச் சுருக்கினால் கோப்பு நிற்காது.

1. வேலை தேறவில்லையா, ஒழுங்கு தப்பியதா?

இரண்டும் வேறு, வழியும் வேறு. கணக்குப் பதிவில் தொடர்ந்து பிழை, கொடுத்த நேரத்தில் முடிக்காமை, புது மென்பொருள் பிடிபடாமை ஆகியவை திறன் குறைவு. சொல்லாமல் லீவு, பணத்தில் கைவைத்தல், மேலாளரைத் திட்டுதல், வேண்டுமென்றே வேலையைத் தள்ளிப்போடுதல் ஆகியவை ஒழுங்கீனம்.

ஒழுங்கீனம் என்றால் உள்விசாரணை வைத்தாக வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதிலுக்கு நேரம் தந்து, அந்த விவகாரத்தில் சம்பந்தப்படாத ஒருவரை விசாரணை அதிகாரியாகப் போட வேண்டும். சாட்சிகளை ஊழியர் குறுக்கு விசாரணை செய்ய இடம் தர வேண்டும். அறிக்கையின் நகலைக் கொடுத்து விளக்கம் கேட்ட பிறகே தண்டனை. இடையில் சஸ்பெண்ட் செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். அது தனிப் பாதை, இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல.

இங்கே பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். திறன் குறைவுக்காக அனுப்புகிறவரின் கடிதத்தில் "அலட்சியம்", "பொறுப்பின்மை", "நேர்மையின்மை" என்று கோபத்தில் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதிய மறுநொடி அது தண்டனை ஆகிவிடுகிறது. விசாரணை எங்கே என்று கேட்பார்கள், உங்களிடம் இருக்காது.

2. குறையை எண்ணில் எழுதுங்கள்

"வேலை சரியில்லை" என்பது அபிப்பிராயம். யார் முன்னாலும் அது செல்லாது. என்ன வேலை, எவ்வளவு எதிர்பார்த்தீர்கள், எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் என்று எழுத முடிய வேண்டும். பில் போடுகிறவர் என்றால் இரண்டு வாரத்துக்கு அவர் போட்ட பில் எத்தனை, அதில் வரி விகிதமோ ஜி.எஸ்.டி. எண்ணோ தவறியது எத்தனை என்று எண்ணுங்கள். அதே இருக்கையில் இருக்கும் இன்னொருவரின் இரண்டு வாரக் கணக்கையும் எடுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் கோளாறு ஆளிடம் இல்லை. உங்கள் முறையிலோ மென்பொருளிலோ வேலைப் பங்கீட்டிலோ இருக்கிறது. ஆளை அனுப்பினாலும் அது போகாது.

எண்ணியதும் கேட்க வேண்டியவை மூன்று. இந்த வேலையை அவருக்கு யாராவது முறையாகச் சொல்லிக்கொடுத்தார்களா? அவரை எடுத்தது இந்த வேலைக்குத்தானா, இடையில் வேறு இருக்கைக்கு மாற்றினீர்களா? சமீபத்தில் திடீரென்று சரிந்ததா, ஆரம்பத்திலிருந்தே இப்படியா? நன்றாக வேலை பார்த்தவர் இரண்டு மாதமாகத் தடுமாறினால் பெரும்பாலும் வீட்டிலோ உடம்பிலோ ஏதாவது இருக்கும். அப்படியானால் முதலில் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மெமோ அதற்குப் பிறகு.

3. நாட்காட்டியைப் பாருங்கள்

சேர்ந்த தேதியை எடுத்து நாளை எண்ணுங்கள். செலவும் உரிமையும் இந்த எல்லைகளில்தான் மாறுகின்றன.

ஆறு மாதம்: கடை, வணிக நிறுவனம், அலுவலகம் என்றால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு பொருந்தும். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நிறுத்தக் கூடாது. காரணம் இருந்தாலும் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அவர் மேல்முறையீடு செய்யலாம். தொழிற்சாலைகளுக்கு இந்தப் பிரிவு இல்லை.

240 நாள்: முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் ஓராண்டுத் தொடர் சேவை என்று கணக்கு. சம்பளத்தோடு கூடிய விடுப்பும் இதில் சேரும். 21 நவம்பர் 2025 முதல் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்துக்கு 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. 240 நாள் கணக்கு அதிலும் அப்படியே இருக்கிறது.

ஐந்து ஆண்டு: கிராஜுவிட்டி. நான்கு ஆண்டும் 240 நாளும் முடித்தவருக்கே அது உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குறித்த காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தவருக்கு இப்போது ஓராண்டிலேயே விகிதப்படி உண்டு.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. புதிதாக வந்தவர் தேறுவாரா என்ற முடிவை ஐந்தாம் மாதம் முடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். புரொபேஷனை நீட்டுவதானால் அது முடிவதற்கு முன்பே எழுத்தில் நீட்டுங்கள். "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று வாயால் சொல்லி விட்டுவிடுவதுதான் மிகப் பொதுவான தவறு. உங்கள் நியமனக் கடிதத்தின் வாசகத்தைப் பொறுத்து அவர் நிரந்தரமாகியிருக்கவும் கூடும்.

பதவிப் பெயரை நம்பாதீர்கள். "மேனேஜர்" என்று கார்டு அடித்துக் கொடுத்துவிட்டு நாள் முழுக்க டேட்டா என்ட்ரி செய்ய வைத்தால் அவர் சட்டத்தில் தொழிலாளிதான். உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்ப்பார்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவரும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவரும் மட்டுமே புதிய தொகுப்பில் அந்த வரையறைக்கு வெளியே. அவர்களுக்கு நியமன ஒப்பந்தத்தில் உள்ளபடி.

4. மெமோவும் அறுபது நாளும்

முதல் மெமோ ஒரு பக்கம் போதும். இப்படி இருக்கலாம்:

"01.04.2026 முதல் 15.04.2026 வரை நீங்கள் பதிவு செய்த 212 பில்களில் 31 பில்களில் வரி விகிதமோ ஜி.எஸ்.டி. எண்ணோ தவறாக உள்ளது. பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது. இந்த இருக்கையில் நூறு பில்லுக்கு இரண்டு பிழைக்கு மேல் இருக்கக் கூடாது. 20.04.2026 முதல் ஒரு வாரம் தினமும் ஒரு மணி நேரம் உங்களுக்குப் பயிற்சி தரப்படும். அதன்பின் அறுபது நாள் உங்கள் பதிவுகள் வாரந்தோறும் சரிபார்க்கப்படும். உங்களுக்கு வேறு ஏதாவது சிரமம் இருந்தால் மூன்று நாளுக்குள் எழுதித் தரவும். இந்த அளவை எட்டாவிட்டால் உங்கள் பணியைத் தொடர்வது குறித்து முடிவெடுக்க நேரிடும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பலர் மனசு கேட்காமல் அதை எழுத மாட்டார்கள். வேலை போகக்கூடும் என்று தெரியாமலேயே ஒருவரை வைத்திருந்துவிட்டு நிறுத்துவதுதான் கொடுமை.

வாரம் ஒருமுறை கால் மணி நேரம் உட்காருங்கள். அந்த வார எண்ணிக்கை, என்ன பேசினீர்கள், அவர் என்ன சொன்னார் என்று நான்கைந்து வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எட்டு வாரம், எட்டுத் தாள். கையெழுத்துப் போட மறுத்தால் "படித்துக் காட்டப்பட்டது, கையெழுத்திட மறுத்தார்" என்று எழுதி அங்கிருந்த இன்னொருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அன்றே அதன் நகலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் பத்துப் பேர் முன்னால் திட்டியது எச்சரிக்கை ஆகாது. அது உங்களுக்கு எதிரான சாட்சியாக மட்டுமே பயன்படும்.

பாதிக் காலத்தில், அதாவது முப்பதாம் நாள், இன்னொரு மெமோ. முன்னேற்றம் இருந்தால் அதையும் எழுதுங்கள். 31 பிழை 12 ஆகக் குறைந்திருந்தால் "12 ஆகக் குறைந்துள்ளது, இலக்கு 4" என்று இருக்க வேண்டும். குறையை மட்டும் பொறுக்கிச் சேர்த்த கோப்பு முன்கூட்டியே முடிவெடுத்துவிட்டுத் தயாரித்ததுபோல் தெரியும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும்.

இந்த மெமோவுக்கு நேர் எதிரான தாள்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மார்ச்சில் "சிறப்பான பணிக்காக" இன்கிரிமென்ட் கடிதம் கொடுத்துவிட்டு ஏப்ரலில் திறமை போதாது என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். அப்படி இருந்தால் கண்காணிப்புக் காலத்தைத் தொண்ணூறு நாளாக்குங்கள்.

5. நிறுத்துவதா என்று முடிவெடுப்பது

அறுபது நாள் முடிந்ததும் கடைசி நான்கு வார எண்களை மட்டும் எடுங்கள். இலக்கை எட்டிவிட்டார் என்றால் முடிந்தது, கண்காணிப்பு முடிந்ததாகக் கடிதம் கொடுங்கள். எட்டவில்லை, ஆனால் வாரா வாரம் குறைகிறது என்றால் இன்னும் முப்பது நாள் தருவது லாபம். புது ஆளைத் தேடி எடுத்துப் பழக்க அதைவிட அதிக நாள் ஆகும். அப்படியே நிற்கிறது, அல்லது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் சரியாகி எழுந்து போனால் மீண்டும் தவறுகிறது என்றால் வேறு இருக்கை பொருந்துமா என்று பாருங்கள். கணக்கில் தேறாதவர் ஸ்டோரில் நன்றாக இருப்பார். மாற்றுவதானால் சம்பளம் குறையாமல், அவர் ஒப்புதலோடு, எழுத்தில்.

எதுவும் பொருந்தவில்லையென்றால் நிறுத்துங்கள். தள்ளிப்போடுவதில் யாருக்கும் நன்மையில்லை. அவருடைய பிழைகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பக்கத்து இருக்கைக்காரர்தான் முதலில் வேலையை விட்டுப் போவார், அவர் உங்கள் நல்ல ஆளாக இருப்பார்.

சில நேரங்களில் மட்டும் கையை வைக்காதீர்கள். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை நிறுத்துவது சட்டப்படி தடை. கர்ப்பமாக இருப்பதாகச் சொன்ன அடுத்த வாரமோ, இ.எஸ்.ஐ. சிகிச்சையில் இருக்கும்போதோ, சம்பளப் பாக்கி குறித்தோ பாலியல் தொல்லை குறித்தோ புகார் கொடுத்த பிறகோ கண்காணிப்பைத் தொடங்கினால் உண்மையான காரணம் எதுவாக இருந்தாலும் பழிவாங்கல் என்றே பார்க்கப்படும். தீபாவளிக்கு முந்தைய வாரமும் வேண்டாம். போனஸைத் தவிர்க்கத்தான் அனுப்பினீர்கள் என்பார்கள். தகுதியுள்ளவருக்கு வேலை பார்த்த காலத்துக்கான போனஸ் எப்படியும் தர வேண்டியதுதான்.

6. பணக்கணக்கு

திறன் குறைவுக்காக நிறுத்தினால் நஷ்டஈடு கிடையாது என்றுதான் பல முதலாளிகள் நினைக்கிறார்கள். தவறு. தண்டனையாக அல்லாமல் வேறு எந்தக் காரணத்துக்காக முதலாளி ஒரு தொழிலாளியை நிறுத்தினாலும், சட்டம் விலக்கிய சில வகைகள் நீங்கலாக, அது ஆட்குறைப்பு. 1990இல் பஞ்சாப் நில மேம்பாட்டுக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதை உறுதிசெய்தது. ஆகவே ஓராண்டுத் தொடர் சேவை உள்ள தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது சம்பளம், சேவை ஆண்டு ஒன்றுக்குப் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இரண்டும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகக் கணக்காகும். அரசுக்கும் அறிவிப்பு அனுப்ப வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 24,000 ரூபாய், சேவை 3 ஆண்டு 8 மாதம், மிச்ச ஈட்டிய விடுப்பு 10 நாள்.

நோட்டீஸ் சம்பளம் 24,000. நஷ்டஈடு: பதினைந்து நாளுக்கு 12,000 வீதம் 4 ஆண்டுக்கு 48,000. விடுப்புக்கு 8,000. புதிய தொகுப்பின்படி மறுதிறன் நிதிக்கு, அதாவது நிறுத்தப்பட்டவர் புதுத் திறன் கற்க உதவும் நிதிக்கு, பதினைந்து நாள் சம்பளம் 12,000. மொத்தம் 92,000. அந்த மாதம் வேலை பார்த்த நாட்களின் சம்பளம் இதற்கு மேல். இதே ஆள் 6 ஆண்டு முடித்திருந்தால் நஷ்டஈடு 72,000 ஆகும். கிராஜுவிட்டியும் சேரும்: 24,000 × 15 ÷ 26 × 6, அதாவது 83,077. வேலை சரியில்லை என்ற காரணத்துக்காகக் கிராஜுவிட்டியைப் பிடிக்க முடியாது.

சம்பளத்தில் அடிப்படையைக் குறைவாகக் காட்டி மிச்சத்தைப் படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா? புதிய தொகுப்புகளில் மொத்தத்தில் பாதிக்கு மேல் போகும் படிகள் மீண்டும் ஊதியத்தோடு சேர்க்கப்படும். கணக்கு போடும் முன் அதைச் சரிபாருங்கள்.

எப்போது தர வேண்டும் என்பது தொகையைவிட முக்கியம். நோட்டீஸ் சம்பளமும் நஷ்டஈடும் நிறுத்தும் அன்றே, கடிதத்தோடு போய்ச் சேர வேண்டும். "அடுத்த வாரம் செட்டில்மென்ட்" என்று சொன்னால் நிறுத்தியதே செல்லாமல் போகும். நஷ்டஈடு தருவது முன்நிபந்தனை என்று உச்ச நீதிமன்றம் 1960இலேயே சொல்லிவிட்டது. அப்படிச் செல்லாமல் போனால் மீண்டும் வேலையும் இடைக்காலச் சம்பளமும் தர வேண்டி வரலாம். வேலை பார்த்த சம்பளப் பாக்கி இரண்டு வேலை நாளுக்குள், கிராஜுவிட்டி முப்பது நாளுக்குள், மறுதிறன் நிதி நாற்பத்தைந்து நாளுக்குள். எல்லாம் வங்கி வழியாக மட்டும். ரொக்கம் கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்குவது வேண்டாம்.

இந்தத் தொகையைத் தவிர்க்க இரண்டு குறுக்கு வழிகள் சொல்வார்கள். ஒன்று, ராஜினாமா எழுதி வாங்குவது. அறைக்குள் உட்கார வைத்து, சர்ட்டிபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கிய ராஜினாமா கட்டாய வெளியேற்றம் என்று நிரூபணமாகும். மற்றொன்று, "பதவி நீக்கப்பட்டது" என்று எழுதுவது. அப்படி எழுதிவிட்டு ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆள் எடுத்தால் முதலில் இவரைத்தான் அழைக்க வேண்டும். அந்தப் பதவி உயிரோடு இருக்கிறது என்பதற்கு உங்கள் வேலைவாய்ப்பு விளம்பரமே ஆதாரமாகும்.

7. கடிதம்

அரைப் பக்கம். நியமனக் கடிதத்தின் தேதி, மெமோக்களின் தேதிகள், எதிர்பார்த்த அளவு, வந்த அளவு, நிறுத்தும் தேதி, வங்கியில் செலுத்திய தொகையின் பிரிவுகள், அதன் பரிவர்த்தனை எண். குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஒரே வகை வேலையில் பலர் இருந்தால், கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது ஆட்குறைப்பின் பொது விதி. அதை மீறி மூத்தவரை நிறுத்துவதானால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். உங்கள் எட்டு வாரத் தாள்கள் அங்கே கைகொடுக்கும்.

கையெழுத்துப் போடுமுன் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் முழுக் கோப்பையும் காட்டுங்கள். கடிதத்தை மட்டும் காட்டினால் பயனில்லை.

8. அந்த நாள்

முந்தைய நாளே வங்கியில் பரிமாற்றத்தைத் தயார் செய்து வையுங்கள். ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில், வங்கி, டேலி இவற்றில் அவருடைய போன் எண்ணோ மின்னஞ்சலோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளில் அவரைக் கெஞ்ச வேண்டியிருக்கும். இதற்காகவே வேலை நாளின் காலைப் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சொன்னால் அவருக்கும் யாரிடமும் எதுவும் கேட்க வழியிருக்காது.

தனி அறை, நீங்களும் இன்னொருவரும். பெண் ஊழியர் என்றால் அந்த இன்னொருவர் பெண்ணாக இருக்கட்டும். பேச்சு பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. "உட்காருங்க. கஷ்டமான விஷயம், நேராவே சொல்லிடறேன். ஏப்ரல்லேருந்து வாரா வாரம் உட்கார்ந்து பேசினோம், நாம வச்ச அளவு வரலை. இன்னியோட உங்க வேலையை முடிச்சுக்கறோம். நோட்டீஸ் சம்பளம், நஷ்டஈடு எல்லாம் அக்கவுண்ட்ல போட்டாச்சு, விவரம் இந்தக் கடிதத்துல இருக்கு." இவ்வளவு போதும். பழைய தவறுகளைத் திரும்ப அடுக்காதீர்கள். "எனக்கே மனசில்லை, பார்ட்னர்தான் சொன்னார்" என்றும் சொல்லாதீர்கள். முடிவு மாறக்கூடும் என்ற நம்பிக்கையை அது வீணாகக் கொடுக்கும். அவர் அழுதாலும் கோபப்பட்டாலும் பேசி முடிக்க விடுங்கள்.

கடிதத்தை வாங்க மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அன்றே மின்னஞ்சலிலும், அவர் கொடுத்த முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள். பணம் அன்றே போய்விட வேண்டும், அவர் கடிதத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

9. அதன் பிறகு

அசல் சர்ட்டிபிகேட் எதையாவது வாங்கி வைத்திருந்தால் அன்றே திருப்பிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். லேப்டாப் வரவில்லை, சாவி வரவில்லை என்று அதைப் பிடித்து வைக்காதீர்கள். அந்த மாதப் பி.எஃப். தாக்கல் முடிந்ததும் தளத்தில் வெளியேறிய தேதியைப் பதிவு செய்யுங்கள். பதியாமல் விட்டால் அவர் பி.எஃப். எடுக்கவும் மாற்றவும் அலைவார். இ.எஸ்.ஐ.யிலும் கடைசி வேலை நாளைக் குறியுங்கள். பணி அனுபவச் சான்றும் ரிலீவிங் லெட்டரும் ஒரு வாரத்துக்குள். அவற்றில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி மட்டும்.

மற்ற ஊழியர்களிடம் "இன்றிலிருந்து அவர் நம்மோடு இல்லை, அவர் வேலையை இன்னார் பார்ப்பார்" என்ற அளவில் நிறுத்துங்கள்.

கடைகள் சட்டத்தின் கீழ் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். அது தொழிலாளர் துணை ஆணையர் முன் போகும். தொழில் உறவுத் தொகுப்பின் கீழ் சமரச அலுவலரிடமும் அவர் மனு கொடுக்கலாம். நோட்டீஸ் வந்தால் முதல் தேதிக்கே போங்கள். போகாமல் விட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவாகும். நியமனக் கடிதம், மெமோக்கள், எட்டு வாரத் தாள்கள், வங்கி ரசீது, வருகைப் பதிவேடு ஆகியவற்றைத் தேதி வரிசையில் கோத்து மூன்று பிரதி எடுத்துச் செல்லுங்கள். சமரசத்தில் இன்னும் ஒரு மாதச் சம்பளம் கேட்டு முடித்துக்கொள்ள அவர் தயாராக இருந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதே மலிவு. ஒப்பந்தத்தை அலுவலர் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

வேறு நிறுவனத்திலிருந்து அவரைப் பற்றிப் போன் வந்தால் சான்றிதழில் உள்ள மூன்று விவரங்களை மட்டும் சொல்லுங்கள். "ஏன் போனார்?" என்று கேட்டால் "அதை அவரிடமே கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள்.